எல்யோர் கொண்டுபோன சாவி

"இந்த வண்டிச் சக்கரத்தை எவனாவது கழட்டிட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவே?"

ரஷ்யாவுக்குக் கிளம்பிய அன்று காலையில் எல்யோர் தன் மனைவி ஓய்தினிடம் இப்படிக் கேட்டான். கல்யாணமாகி வந்த புதிது. அவள் தலைத்துணியின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் சிரித்தான். வெள்ளை டமாஸ் வேனின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு திருட்டுத் தடுப்பு நட்டை அதற்குள் மாட்டி முடித்திருந்தான். கோகந்த் நகரத்துப் பஜாரில் எல்லோரும் வாங்குவதுதான். வட்டமான தலை, அதில் பூப்போல ஒரு பள்ளம். அதற்கென்று செய்த சாவியைத் தவிர வேறு எதுவும் அதைப் பிடிக்காது. கொத்தில் கோத்த அந்தச் சாவியை அவள் காதருகே ஆட்டிக் காட்டினான்.

"சாவி என்கிட்டே. நான் வர்ற வரைக்கும் ஒரு சக்கரமும் இந்த இடத்தை விட்டு நகராது."

வண்டியும் நகரவில்லை. முற்றத்தில், சர்க்கரை பாதாமிப் பழமரத்தின் அடியிலேயே நின்றது. அதன்மேல் பனி விழுந்தது, பூ உதிர்ந்தது, மறுபடியும் பனி, மறுபடியும் பூ. விடிகாலையில் முற்றம் பெருக்கும்போது ஓய்தின் வண்டியின் கூரையையும் பெருக்கிவிடுவாள். சாப்பாட்டுக்கு முன்னால் மாமனார் துர்சுன்பாய் கையை நீட்டுவார். அவள் செம்புக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். துண்டைத் திருப்பித் தரும்போது அவர் தவறாமல் சொல்வார்: "அவன் சுகமா வந்து சேரட்டும், மகளே." அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்கு அன்றைய சோறு இறங்கும்.

இந்த ஆண்டு காய்ப்பு அதிகம். கொழுந்தன் ஓதிலுக்கு லைசென்ஸும் வந்துவிட்டது. பழத்தைப் பஜாருக்குக் கொண்டுபோக வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார் துர்சுன்பாய். ஆனால் பின்சக்கரம் ஒன்று காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"மத்த நட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துடுச்சு, அண்ணி" என்றான் ஓதில். "இது ஒண்ணுதான் எங்கண்ணன் மாதிரி அழுத்தம்."

"மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்களேன்."

"ஊத்தினேன். குடிச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கு. கொஞ்சம் சின்ன சாக்கெட்டா வச்சு மேல அடிச்சு ஏத்தினா பிடிச்சுக்கும். நட்டு நாசமாப் போகும், போகட்டுமே."

"அவரைக் கேக்காமலா?" என்றாள் ஓய்தின். "சாவி அவர்கிட்டதானே இருக்கு. யார்கிட்டயாவது குடுத்தனுப்புவாரு."

குடுத்தனுப்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். 'எதுக்கு அடுத்தவன் கையில? நானே கொண்டு வர்றேன்' என்பான். பெருக்கும்போதெல்லாம் அவள் மனதுக்குள் கேட்டுப் பழகிய குரல் அது.

துர்சுன்பாய் மரத்தடியில் பழக்கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "கேட்டுடுடா" என்றார்.

ஓதில் போனை எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தான். அந்தப் பக்கம், ரஷ்யாவின் சமாரா நகரத்தில், ஏதோ இயந்திரம் இரைந்தது.

"எந்தச் சாவி?" என்றான் எல்யோர்.

"டமாஸ் சக்கரத்துக்குப் போட்டியே, அந்த நட்டோட சாவி."

"அட, அதுவா. கொத்து கனமா இருக்குன்னு ரயில்லயே கழட்டி எங்கேயோ போட்டேன். இப்ப யாருக்கு ஞாபகம்? அடிச்சுக் கழட்டுடா. வண்டியை நீயே வச்சுக்கோ."

ஓதிலின் முகம் மலர்ந்தது. அண்ணியைப் பார்த்ததும் சுருங்கியது. "அண்ணி இங்கதான் இருக்காங்க. பேசுறியா?"

"மேஸ்திரி கூப்பிடுறாரு. அப்புறம் பேசுறேன்."

துர்சுன்பாயின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

ஓய்தின் சாக்கெட் என்ற அந்த இரும்புக் குழலைக் குனிந்து எடுத்து, நட்டின் பூத்தலைமேல் வைத்துப் பிடித்தாள். "அடிங்க" என்றாள்.

"கையில பட்டுடும், அண்ணி."

"படாது. அடிங்க."

சுத்தியல் விழ விழ அவள் பல் வரை அதிர்ந்தது. சாக்கெட் இறுகக் கவ்வியதும் ஓதில் ஸ்பானரை மாட்டி, அதில் நீளமான பைப்பைச் செருகித் தொங்கினான். அசையவில்லை. அவளும் பக்கத்தில் நின்று அழுத்தினாள். எல்யோர் இறுக்கியது. தன் முழுப் பலத்தையும் போட்டு இறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். கடைசியில் குதிரைக் கனைப்புப் போல ஒரு சத்தம் கேட்டது. பைப் சரேலென்று இறங்கியது.

சூடாக வெளியே வந்த நட்டின் பூ நசுங்கிப்போயிருந்தது. அவள் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சக்கரம் மாற்றிப் பழம் ஏற்றி ஓதில் போன பிறகு, வண்டி நின்ற இடத்தில் புல் முளைக்காத ஒரு நீள்சதுரம் தெரிந்தது. ஓய்தின் ரொட்டியைப் பரிமாறி வைத்துவிட்டுக் கூஜாவை எடுத்து வந்தாள். மாமனார் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். விரல் விரலாகக் கழுவினார், வழக்கத்தைவிட அதிக நேரம். துண்டில் துடைத்தார். துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் தலை குனிந்து காத்து நின்றாள்.

அவர் ரொட்டிப் பக்கம் திரும்பவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருக்கதவைத் திறந்து, தினமும் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போனார்.