நாத்தனார் வாய்

அந்தப் புத்தகத்தை எழுதியவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவளுக்கு முன்னால் அதைப் படித்தவன் மேல்தான் கோபம். பசை ஆலை ஒன்று வெடித்து, உள்ளே இருந்தவர்கள் பூட்டிய கதவருகே ஒருவர்மேல் ஒருவராகக் கரிந்து கிடந்த பக்கத்தில், அந்த மகராசன் பென்சிலால் கோடிழுத்து ஓரத்தில் ‘அருமையான வர்ணனை’ என்று எழுதியிருந்தான். நூலகர் மட்டும் என்ன வாழ்ந்தது? “எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க, அவ்ளோ விறுவிறுப்பு” என்றுதான் நீட்டினார். செத்தவர்கள் இவர்களுக்குப் பொழுதுபோகவா செத்தார்கள்?

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அண்ணன் அவளைப் ‘பட்டம்’ என்றே கூப்பிடுவான். “எவ்ளோ மேல வேணா பறக்கட்டும், நூலு நம்ம கையில இருக்குல்ல” என்று சிரிப்பான். பெயின்ட் கரைப்பான் காய்ச்சும் ஆலையில் அவன் ஆவியைக் குடித்துச் சம்பாதித்ததில்தான் அவள் படித்தாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரும் சொல்லிக்காட்டினால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

அன்று மதிய ஷிப்ட் என்பதால் அண்ணன் காலையில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டம் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை வாய்விட்டுப் படித்தாள்.

“காலங்காத்தால பொணக்கதை. வேற புக்கே கெடைக்கலையா உனக்கு?”

“கதை இல்ல அண்ணி. நடந்தது.”

“நடந்ததுன்னா இன்னும் மோசம். மூடி வை.”

மூடவில்லை. உயிர் தப்பிய தொழிலாளி ஒருவர் சொன்னதை வாசித்தாள்:

‘ஆவி கசிந்தால் அலற ஒரு மணி இருந்தது. தொட்டதற்கெல்லாம் கத்தும். அது கத்தினால் வேலை நிற்கும். வேலை நின்றால் மேலே இருப்பவன் கத்துவான். அதனால் அதற்கு நாத்தனார் என்று பேர் வைத்தோம். அன்றைக்கும் நாத்தனார் வாயில் துணி வைத்திருந்தோம்.’

அண்ணி பக்கென்று சிரித்தாள். “பாவம், ஊரெல்லாம் நாத்தனாருக்கு இதே மரியாதைதான் போல.” சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. உரித்த வெங்காயம் கையிலேயே இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கொஞ்ச காலமாகவே அண்ணன் சாப்பிட உட்காரும்போது, “இன்னைக்கும் நாத்தனார் வாயக் கட்டியாச்சு, நிம்மதியா வேலை ஓடுச்சு” என்பான். அண்ணி ஓரக்கண்ணால் பட்டத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று பட்டம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். அது எந்த நாத்தனார் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு நாத்தனார் இருக்கும்போது இன்னொருத்தியை யார் தேடுவார்கள்?

“என்னோட பழைய நைட்டிய வாங்கிட்டுப் போனாரு,” என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. “பூப்போட்டது. மெஷின் தொடைக்கன்னாரு.”

அண்ணன் எழுந்து பல் விளக்கி வரும்வரை காத்திருந்தார்கள். பட்டம் அதே வரிகளை அவனுக்குப் படித்தாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். துடைத்து முடித்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது.

“அந்தப் பேரு உங்க ஆலையில யாரு வெச்சது?”

“பழைய ஆளு ஒருத்தரு. பசைக் கம்பெனியில இருந்து வந்தவரு. கையெல்லாம் வெந்த தழும்பு.”

“அவரு இருந்துமா துணி வெச்சீங்க?”

“இப்ப அவரு இல்ல.” துண்டை இறக்கினான். “நாங்க துணி வெச்ச அன்னைக்கே சட்டைய மாட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. கெழவனுக்கு மண்டை கலங்கிருச்சுன்னு சிரிச்சோம்.”

பட்டம் புத்தகத்தை மூடினாள். “போகாதண்ணே.”

“போகலன்னா? உன் புக்கு சோறு போடுமா? ஊதுற சங்க ஊதணும், அவ்ளோதான்.”

“ஊதுற சங்கு வாயிலதான துணி வெச்சிருக்கீங்க.”

எப்போதும் கதவருகில் நின்று ஒருமுறை கிண்டலடித்துவிட்டுப் போகிறவன், அன்று சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் போனான்.

அண்ணியால் கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது. தூக்கைக் கையில் எடுத்தாள். “வா, குடுத்துட்டு வருவோம்.” சோறு சாக்கு என்று இருவருக்கும் தெரியும். பட்டம் புத்தகத்தைக் கையிலேயே கொண்டு வந்தாள்; வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை.

ஆலைத் தெருவுக்குத் திரும்பியதும் அந்தச் சத்தம் வந்தது. ஷிப்ட் சங்கின் நீண்ட ஊதல் அல்ல. உயிரோடு தோலை உரிப்பது போல விட்டு விட்டு ஒரு அலறல். கடைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“நாத்தனார்டி,” என்றாள் அண்ணி. “உங்கண்ணன் துணிய எடுத்துட்டாரு.” முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே செத்தது. துணியை எடுத்ததும் கத்துகிறது என்றால், கத்துவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது.

கேட் வழியே ஆட்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசிக் கும்பலில் அண்ணன் வந்தான். கைமுட்டிக்குள் பூப்போட்ட நைட்டித் துணி.

“எடுத்த கையோட கத்துச்சு,” என்றான். “எத்தனை நாளா உள்ளுக்குள்ள முனகிட்டே கெடந்துச்சோ. மெஷின் சத்தத்துல எங்களுக்குத்தான் கேக்கல.”

அப்போது அலறல் பாதியில் நின்றது.

தெருவே மூச்சு விட்டது. சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்து கை தட்டினார். “ஒண்ணுமில்லப்பா, மணி ரிப்பேரு. எல்லாரும் உள்ள வாங்க.”

“அடங்கிட்டா மகராசி” என்று ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அண்ணி கணவனின் கையையே பார்த்தாள். “துணி உங்ககிட்ட இருக்கு. அப்போ அது வாயில இப்ப என்ன?”

ஆட்கள் திரும்ப நடந்தார்கள். கூட்டம் நகர நகர, பழகிய கால் என்ன செய்யும், அண்ணனும் கேட் பக்கம் இரண்டடி வைத்தான். பட்டம் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் மெதுவாக அவள் விரல்களை எடுத்துவிட்டான். “எல்லாரும் போறாங்க பட்டம். நான் மட்டும் எப்படி நிக்கறது?”

உள்ளிருந்து இனிப்பாக ஒரு வாடை வந்தது. புத்தகத்தில் அந்த வாடையும் இருந்தது. அதன் கீழேயும் அந்த மகராசன் கோடு போட்டிருந்தான்.

“கத்துடி,” என்றாள் அண்ணி. “உன் வாயில யாரும் துணி வைக்கலல்ல. கத்து.”

பட்டம் வீட்டில் வாய் ஓயாதவள். தெருவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, புத்தகத்தைத் திறக்காமலே, மனப்பாடமாகிவிட்ட அந்த வரி வந்தது.

“அன்றைக்கும் நாத்தனார் வாயில் துணி வைத்திருந்தோம்.”

தன் குரல் இவ்வளவு விகாரமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. நடந்தவர்கள் திரும்பினார்கள். அவள் மறுபடி கத்தினாள். பசை ஆலை, பூட்டிய கதவு, ஒருவர்மேல் ஒருவர், வெந்த கையோடு போன கிழவர் என்று வந்ததையெல்லாம் கத்தினாள். அந்தக் கிழவர் பேச்சு வந்ததும் ஒரு பெரியவர் நின்றார். அவரை இடித்துக்கொண்டு பின்னால் வந்தவனும் நின்றான். சூப்பர்வைசர் அவளை நோக்கி வேகமாக நடந்து வந்தார்.

“யாரும்மா இது, இந்தக் கத்து கத்துது?”

“என் நாத்தனாரு,” என்றாள் அண்ணி, தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. “இன்னும் கத்துவா.”

அண்ணன் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றான். நிறுத்தினால் அவன் உள்ளே போய்விடுவான் என்று பட்டம் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.