ஒரு விரல் குறைவு

"மாப்பிள்ளை, இருபது லிட்டர் எங்கே?"

மச்சான் போட்ட சத்தத்தில், லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

கண்ணாடி துடைக்கும் திரவம் தயாரிக்கும் எங்கள் சின்னப் பட்டறைக்கு அதுவரை தண்ணீர் கலந்த ஸ்பிரிட்தான் வந்துகொண்டிருந்தது. இனி நாமே கலப்போம் என்று முடிவு செய்தவர் என் மனைவியின் அண்ணன். முந்தின நாள் மாலை பத்து லிட்டர் சுத்த ஸ்பிரிட்டையும் பத்து லிட்டர் தண்ணீரையும் அளந்து டிரம்மில் ஊற்றி, மூடியை இறுக்கியவன் நான். காலையில் திறந்தால், இருபது லிட்டர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"ஒரு சொட்டு சிந்தலை மச்சான்."

"பின்னே, வாய்க்குள்ள சிந்துச்சா? குடியை விட்டுட்டேன்னு நீ சொன்னதை நம்பினேன் பாரு!"

"இதைக் குடிச்சிருந்தா நான் இப்ப உங்க முன்னாடி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பில் போடும் மேசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். என் முகத்தருகே வந்து, ஒரே ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மச்சானின் வார்த்தை சுடவில்லை. அந்த மூச்சு சுட்டது.

மதியச் சாப்பாடு முடிந்தது. கழுவிய டப்பாவை மூடிக்கொண்டே அவளிடம் சொன்னேன்: "நீயே கலந்து பாரு. நான் பக்கத்துலகூட வரலை."

நான் வாசலில் நின்றுகொண்டேன். அவள் கண்ணாடி அளவு ஜாடியை எடுத்தாள். முதலில் அரை லிட்டர் தண்ணீர், அதன்மேல் இன்னொரு அரை லிட்டர் தண்ணீர். சரியாக ஒரு லிட்டர். பிறகு அரை லிட்டர் ஸ்பிரிட், அரை லிட்டர் தண்ணீர். கோட்டைத் தொடவில்லை. ஜாடியைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள், லேசாகச் சூடேறியிருந்தது. மேசையைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. மறுபடி கலந்தாள். மறுபடியும் அதே குறைவு.

"ஆவியாப் போயிருக்கும்," என்றார் மச்சான்.

"ஊத்தின உடனேயா அண்ணே?" அவள் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரு டம்ளர் கொண்டைக்கடலையில ஒரு டம்ளர் கடுகைக் கொட்டினா ரெண்டு டம்ளரா வரும்? கடுகு இடுக்குல இறங்கிடும். இதுவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியா இருக்கும்போல, ரெண்டும்."

மச்சான் தலையைச் சொறிந்தார். "சரி, விடு மாப்பிள்ளை. வேலையைப் பாரு."

"விடறதா? காலையில தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே. இப்பத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றேன்.

"இப்ப என்னங்கற?"

"நான் எடுக்கலைன்னு இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"இவன் எடுக்கலை," என்றார் அவர், டிரம்மைப் பார்த்து.

"இன்னும் சத்தமா அண்ணே," என்றாள் என் மனைவி.

சொன்னார். பெண்கள் தலை குனிந்து லேபிளை அழுத்தி ஒட்டினார்கள். அத்துடன் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

அவள் அருகில் வந்தாள். "வாங்க, அடுத்த டிரம்மைச் சேர்ந்து கலப்போம்."

"ஜாடி சொன்னதும் நம்பிட்டே. நான் சொன்னப்போ?"

பொய்யாக ஒரு சமாதானம் சொல்லாமல், அவள் அங்கேயே நின்றாள். நானும் நின்றேன்.