லியாந்த்ரோ தொடாத கிழங்கு

எங்கள் மலையில் மாஷ்வாக் கிழங்கை ஆம்பளைகள் தொடமாட்டார்கள். தின்றால் ஆண்மை போய்விடுமாம். உருளைக்கிழங்கு வயலைச் சுற்றி வேலிபோல் நட மட்டும் வேண்டும். அதன் நெடிக்குப் பூச்சி அண்டாது. வட்ட இலையும் செம்மஞ்சள் பூவுமாகப் படரும்போது அழகென்று நின்று பார்ப்பார்கள். கிழங்கைத் தோண்டியதும் பெண்கள் பக்கமும் பன்றி பக்கமும் தள்ளிவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் உறைபனி விழுந்து உருளைச் செடிகள் கருகின. மாஷ்வா மட்டும் தாங்கியது. அதே மாதம் என் புருஷன் லியாந்த்ரோவும் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். என்னிடம் மிஞ்சியது நாலு பிள்ளைகள், ஒரு மூட்டை விதை உருளை, குதிர் நிறைய மாஷ்வா.

நடவுக்கு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் கூலி கிடையாது. பத்துப் பேர் வந்து காலால் மிதித்து உழும் கலப்பையால் மண்ணைப் புரட்டித் தருவார்கள். நாம் வயிறு நிறைய உருளை அவித்துப் போடவேண்டும். அரைவயிறாக அனுப்பினால் மறுமுறை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். விதையை அவித்தால் நட ஒன்றுமில்லை. அவிக்காவிட்டால் நட ஆளில்லை.

பக்கத்து வீட்டு எவரிஸ்தா ஒரு வழி சொன்னாள்.

"மாஷ்வாத் தோலை உரிச்சுட்டு ஓக்கான்னு சொல்லிடுக்கா. அவிச்சப்புறம் யாருக்குத் தெரியப் போவுது?"

ஓக்காக் கிழங்கும் கிட்டத்தட்ட அதே நிறம், அதே நீளம். அதை ஆண்கள் ஆசையாகத் தின்பார்கள்.

"ஏமாத்தித் திங்க வைக்க நான் என்ன எலிக்கா வைக்கிறேன்?" என்றேன்.

மாஷ்வாவை மூன்று நாள் வெயிலில் போட்டேன். அப்போதுதான் காரம் இறங்கி இனிப்பேறும். நடவன்று விடிகாலையில் பெரிய பானையில் அவித்து, மதியம் வயல் நடுவே துணி விரித்துக் கொட்டினேன்.

ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். எவரிஸ்தாவின் புருஷன் கிரிசாந்தோ, லியாந்த்ரோவுக்குச் சித்தப்பா மகன், மூக்கைச் சுளித்தான்.

"மதினி, இது மாஷ்வால்ல? என்ன, எங்களைக் காயடிக்கப் பாக்கறீங்களா?"

"இதைத் தின்னுட்டுப் போனா எம் பொஞ்சாதி என்னை எங்க ஆத்தா வீட்டுக்கே தொரத்திடுவா," என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கைகூட நீளவில்லை. ஒருவன் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானான். பாதி வயல்தான் முடிந்திருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க அண்ணன் இதைத்தானே தினமும் தின்னாரு! நாலு பிள்ளையும் என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

விதை போட வந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எவரிஸ்தா கத்தினாள். "திங்கச் சொல்லுக்கா! எங்களுக்கும் ஒரு வருஷம் ஓய்வு கிடைக்கட்டும்!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிரிசாந்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒன்றை எடுத்து உப்பில் தொட்டுக் கடித்தான். "அண்ணன் தின்னதுதானே," என்று முணுமுணுத்தான். அப்புறம் துணி காலியாக அதிக நேரம் ஆகவில்லை.

பொழுது சாய்வதற்குள் விதை அத்தனையும் மண்ணுக்குள் போனது. சுற்றிலும் மாஷ்வாவை நானே நட்டேன்.

சொன்னது பொய். லியாந்த்ரோ அதைத் தொட்டதே இல்லை. பானையில் அது வெந்தாலே எழுந்து வெளியே போய் உட்காருவார். எலிக்கா வைக்கிறேன் என்று எவரிஸ்தாவிடம் வாய் கிழியப் பேசியவள், செத்த மனிதர் பெயரில் பொய் சொல்லிவிட்டேனே என்று நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் இறந்தவர்கள் நாள் வந்தது. அவரவருக்குப் பிடித்ததைப் படைக்கவேண்டும். அவருக்கு மாவாக உதிரும் உருளைதான் உயிர். வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஒரு தட்டு மாஷ்வாவை அவித்து அவர் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தின்னுங்க," என்றேன். "ஊருக்கே உங்க பேரைச் சொல்லித்தான் போட்டேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க. இனிமே உங்களுக்கு என்ன பயம்?"