யோவான் சொல்ல வேண்டிய வரி

நாலு வாரத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் புதன்கிழமை காலைச் செபம் என்றாலே எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரர் யோவான் சாமியாருமில்லை, நான் கன்னியாஸ்திரியுமில்லை. அவர் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர், நான் டீச்சர். ஆனாலும் குருமார் சொல்லும் காலை, மாலைச் செபங்களைத் தினமும் வீட்டிலேயே சொல்வோம். திருப்பாடலில் ஒரு வரி நான், அடுத்த வரி அவர். மனுஷனுக்கு எல்லாமே அவசரம். நான் வரியை முடிப்பதற்குள் தன் வரியைத் தொடங்கிவிடுவார்.

தொண்ணூற்றெட்டில் ஒரு புதன்கிழமை, கடைசிப் பாடலிலும் அப்படித்தான் குறுக்கே புகுந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாமிகிட்ட பேசிகினு இருக்கோம், பஸ்ஸு புடிக்கவா போறோம்?" என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

"என் வரி ஒண்ணுதான் பாக்கி, சகாயம். அப்புறம் நீ புகழ் சொன்னா முடிஞ்சுது," என்று கெஞ்சினார்.

நான் எழுந்து போய்விட்டேன். அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார்.

அதற்குப் பிறகு தனியாகச் செபம் சொன்னேன். என் வரிகளை மட்டும் சொல்லி, அவர் வரிகளுக்கு இடம் விட்டேன். பதில் வரவில்லை.

இந்தச் செபங்கள் நாலு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து திரும்பி வரும். இருபத்தெட்டாம் நாள் அதே பக்கம், ஓரத்தில் அவர் கட்டைவிரலின் சிவப்புச் சாயம். கடைசிப் பாடலில் நான் வரியை முடிப்பதற்குள் யோவானின் குரல் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

"டீச்சர், யாரு வந்துகீறாங்க? ஆம்பள கொரலு கேக்குதே?" என்று ரேணுகாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

அவர் வரி முடிந்திருந்தது. கடவுளுக்குப் புகழ் சொல்லும் முடிவு வரி என்னுடையது. சொன்னால் செபம் முடியும், அவரும் ஒரேயடியாகப் போய்விடுவார். எதிரே காலியாகக் கிடந்த பாயில் மூச்சுச் சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடினேன்.

இப்போது இரண்டாயிரத்து நாலு. அந்தப் புதன் வந்தால் அவரும் தவறாமல் வருகிறார். அவசரமெல்லாம் போய்விட்டது, குரல் களைத்துவிட்டது. போன முறை தன் வரிக்குப் பிறகு, "முடிச்சிடு சகாயம், முடியலம்மா," என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே புத்தகத்தை மூடினேன்.