ஆறாவது ஏன்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஜப்பானின் மத்சுமோதோ நகரில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் தவறு நடந்தால் ‘ஏன்-ஏன் தாள்’ எழுத வேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள். தவறு ஏன் நடந்தது என்பது முதல் கட்டம். அந்தக் காரணம் ஏன் வந்தது என்பது இரண்டாவது. இப்படி ஐந்து முறை ஏன் கேட்டால் வேர் கிடைத்துவிடும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். பத்தொன்பது வருடமாக நானும் நம்பினேன். இந்தப் பிப்ரவரியில் எழுதிய தாளில் இடம் போதவில்லை. மிஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மினோவா சிசாதோ தன் கையுறையைக் கழற்றி—”

(அடித்துவிட்டேன். அன்று பனி கொட்டியது உண்மைதான். ஆனால் பனியைக் கொண்டுவந்தால் நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவீர்கள்.)

“அறுவை மேசையில் ஒகிசோ அம்மாள்—”

(அவரை நான் பார்த்ததே இல்லை. எந்த உரிமையில் எழுதுவது?)

2

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் கருவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய திசுவைப் படமெடுத்துத் தொலைவிலிருக்கும் மருத்துவருக்கு அனுப்பும். மலையூர் மருத்துவமனைகளில் திசு பார்க்கும் மருத்துவர் இருப்பதில்லை. அறுவை நடக்கும்போதே ஒரு துண்டை எடுத்துக் கருவியில் வைப்பார்கள். இன்னும் வெட்டவேண்டுமா, போதுமா என்று திசு மருத்துவர் வேறு ஊரிலிருந்து படம் பார்த்துச் சொல்வார். அதுவரை நோயாளி மேசையில் திறந்தபடி கிடப்பார்.

படத்தை வைக்கக் கணினியின் நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும். அகலத்தை உயரத்தால் பெருக்கி, புள்ளிக்கு மூன்று நிறம் என்பதால் மூன்றாலும் பெருக்கினால் எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். அன்று வைத்தது பெரிய தகடு. அகலம் நாற்பதாயிரம் புள்ளி, உயரம் முப்பத்தாறாயிரம். விடை நானூற்று முப்பத்திரண்டு கோடி. எங்கள் நிரலில் விடைக்கு ஒதுக்கிய எண்ணோ நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண் போல, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். அப்படி ஓடி இரண்டரைக் கோடியில் நின்றது.*

நிரல் இரண்டரைக் கோடிக்கு இடம் கேட்டது, கிடைத்தது. படம் அதில் நிரம்பி, பக்கத்தில் இருந்தவற்றின் மேலெல்லாம் வழிந்தது. கருவி செத்தது. திரும்பவும் இயக்கினார்கள். அதே தகடு, அதே பெருக்கல். மூன்று முறை செத்தது. ஐம்பது நிமிடம் காத்திருந்த அறுவை மருத்துவர், தைத்து மூடினார். மூன்று வாரம் கழித்து ஒகிசோ அம்மாளை மீண்டும் திறந்தார்கள். அவருக்கு எழுபத்தோரு வயது.

* நிரலில் காவல் இல்லாமல் இல்லை. பெருக்கி முடித்த பிறகு, “விடை அளவுக்கு மேலா?” என்று கேட்கும் காவல் அது. அதன் முன்னால் இரண்டரைக் கோடி நல்ல பிள்ளையாக வந்து நின்றது. போ என்று விட்டுவிட்டது.

3

மினோவா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நிரலில் அந்தப் பெருக்கல் வரியை எழுதியவள் அவள். முதல் வரைவில் அவளை அலட்சியக்காரியாக ஆக்கியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அவள் அக்டோபர் மாதத்துக் கூட்டத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டாள்.

“இராங்கோ சான், இந்தக் காவல் லேட்டா நிக்குது. பெருக்குறதுக்கு முன்னாடி வகுத்துப் பாத்துடலாமா?”

(நான் இளங்கோ. ஜப்பானிய நாக்கில் இராங்கோ; ‘சான்’ மரியாதைக்கு. இப்போது நானே திரும்பிப் பார்ப்பது அந்தப் பெயருக்குத்தான்.)

“அவ்ளோ பெரிய தகடு எங்க வரப்போவுது, மினோவா சான்?”

“வராதுன்னு யாரு சொன்னா? நம்ம உச்ச எண்ணை உயரத்தால வகுங்க, மூணால வகுங்க. முப்பத்தொம்பதாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டு வருது. அகலம் அதைத் தாண்டினா பெருக்கவே வேணாம். ‘தகடு பெருசு, ரெண்டு பாதியா எடுங்க’ன்னு கருவியே சொல்லட்டும். முடியாதுன்னு சொல்றதுல என்ன கேவலம்?”

வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த வரியைத் தொட்டால் சோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். நான் சொன்னேன்: “கென்தோ ஷிமாஸ்.”

பரிசீலிக்கிறோம் என்று பொருள். இங்கே அதன் உண்மையான பொருள், முடியாது. (இது தெரியாமல் வந்த புதிதில் என் வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஹீட்டரைப் பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னதை நம்பி ஒரு குளிர்காலம் முழுக்க நடுங்கினேன்.) மினோவா தலை வணங்கினாள், நோட்டை மூடினாள். மறுபடி கேட்கவில்லை. இங்கே யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

4

ஏன்-ஏன் தாளின் ஐந்தாவது கட்டத்தில் இப்போது இருப்பது: ‘மினோவாவின் கவனக்குறைவு.’ நிரப்பியவர் எங்கள் பிரிவுத் தலைவர், அதாவது ‘கச்சோ’, குவபாரா. இதோடு மூடினால் அவள் ஷியோஜிரி கிடங்குக்குக் கையேடு சரிபார்க்கப் போய்விடுவாள். பிறகு நிரல் பக்கம் யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

“இன்னொரு ஏன் இருக்கு, கச்சோ,” என்றேன்.

“ஆறாவதா? படிவத்துல அஞ்சுதான்யா இருக்கு. அஞ்சுக்குள்ள அடங்காத தப்பை நம்ம பிரிவு பண்ணாது.” அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெளியீட்டைத் தள்ளிப்போட வேணாம்னு உங்கிட்ட சொன்னது யாருன்னு கிளறணுமா? உன் பேரையும் என் பேரையும் சேத்து எழுதணும் அப்புறம்,” என்றார்.

5

மாற்று முடிவு அ: இராங்கோ தாளைக் கிழித்துவிட்டு உண்மையை—

(இல்லை. கிழிக்கிற ஆளாக இருந்தால் அக்டோபரிலேயே வாய் திறந்திருப்பேன்.)

மாற்று முடிவு ஆ: கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை வைக்கிறான். தலைவரின் முத்திரையை நோக்கி லேசாகச் சாய்த்து, வணங்குவது போல. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வைப்போம்.

மினோவாவின் முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. அவள் அதைச் சாய்க்கவில்லை, நேராக வைத்திருக்கிறாள்.

“எதுக்கு வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“வரி என்னோடதுதானே.” தாளை என் பக்கம் தள்ளினாள். “ஒண்ணு கேக்கலாமா, இராங்கோ சான்? பரிசீலிக்கிறேன்னு சொன்னீங்களே. பரிசீலிச்சீங்களா?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

0

(ஐந்துக்கு மேல் இந்தத் தாளுக்கு எண்ணத் தெரியாது. அதனால் அடுத்தது பூஜ்யம்.)

அன்றைய தகடு இருநூற்று முப்பத்திரண்டு புள்ளி அகலம் கூடிவிட்டது. அவ்வளவுதான். முன்னாலேயே வகுத்திருந்தால் கருவி தன்னால் ஆகாது என்று சொல்லியிருக்கும். இரண்டு பாதியாக எடுத்து, ஒகிசோ அம்மாளை ஒரே தடவையில் முடித்து அனுப்பியிருப்பார்கள். ஒரு இயந்திரத்துக்கு முடியாது என்று சொல்லக் கற்றுக்கொடுக்க வந்தவளுக்கு நான் முடியாது என்றுகூட நேராகச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தாள் என் மேசையில் இருக்கிறது. முத்திரை கையில். ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெள்ளை இருக்கிறது, ஒரு வரி எழுதலாம். மூன்று மணிக்குக் குவபாரா வாங்க வருவார். இனி நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். என்னை என்ன செய்ய வைத்தாலும் சரி. பரிசீலிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.