இடது கண்ணாடி

மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அக்காவின் கணவர் அந்த விளையாட்டு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்துவிட்டது. அப்பாவைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். சோபா போயிற்று, டீப்பாய் போயிற்று, இந்த ஒரு மேசை மட்டும் அடம்பிடித்தது.

"இத எந்தப் பக்கம் திருகறது? இழுத்தா மேசையும் சேர்ந்து வருது."

"விடுங்க அத்தான், நான் கழட்டுறேன்" என்றாள் சின்னவள்.

இரண்டே திருகுகள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவற்றை இறுக்கியவளும் அவள்தான். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய அப்பா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், மின்விசிறி சுற்றுகிற வேகத்திலிருந்து பால்காரர் வருகிற நேரம் வரைக்கும் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். அம்மா தினமும் போனில் மூக்கைச் சிந்தினாள். சின்னவள் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, தன் பழைய கம்ப்யூட்டரையும் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் கொண்டுவந்து மாட்டி, கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அன்றோடு மின்விசிறி பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும். அவர் இங்கே, அவள் தன் ஊரில், காதில் ஹெட்போனோடு இருவரும் ஒரே பந்தயத்தில் இறங்கிவிடுவார்கள்.

ஆரம்பத்திலிருந்தே இருவருக்கும் ஒரே ஒரு தகராறு.

"காருக்குப் பின்னால, கொஞ்சம் மேல இருந்து பாக்குற மாதிரி கேமரா இருக்குப்பா. அதப் போட்டுக்கோங்க. யார் எங்க வர்றான்னு நாலு பக்கமும் தெரியும்."

"எந்த டிரைவர் வண்டிக்கு வெளிய நின்னு ஓட்டுறான்? நீ மாடியில நின்னு வேடிக்கை பாரு. நான் சீட்டுல உக்காந்து ஓட்டுறேன்."

சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது கொஞ்சம்தான். முன்கண்ணாடி, ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகள், ஓரங்களில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு கண்ணாடிகள். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் மொத்தப் பாதையையும் மனதில் பிடித்து வைத்திருந்தார். நேர்ப்பாதை வந்ததும் இடது கண்ணாடியில் ஒரு பார்வை, வலது கண்ணாடியில் ஒரு பார்வை. யார் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வார். வளைவுக்குள் போனபின் கண் ரோட்டை விட்டு அசையாது. குறித்தவனைக் காதால் பிடிப்பார். ஹெட்போனில் எஞ்சின் சத்தம் எந்தக் காதில் கூடுகிறதோ அந்தப் பக்கம் ஆள். சத்தமும் குழம்பினால் மூன்று எண்ணுவார். "கண்ணாடிய விட்டுப் போனவன் ரோட்ட விட்டுப் போயிடலம்மா. மூணு எண்ணுறதுக்குள்ள முன்னால தெரியலன்னா, இன்னும் பக்கத்துலதான் இருக்கான்."

அவள் மஞ்சள் கார் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் அவருக்கு இடது பின்பக்கமாகவே வருவாள். அவர் "இடது?" என்பார். அவள் மேலிருந்து பார்த்து "ஆள் இருக்கு" என்பாள், அல்லது "ரைட், போலாம்" என்பாள். முப்பது வருடம் கழித்து நல்ல கண்டக்டர் அமைந்திருக்கிறாள் என்று அவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார்.

வண்டி வாசலில் வந்து நின்றது. அப்பாவை இறக்கி, மேசை இருந்த இடத்தில் கிடத்தினார்கள். பெரியவள் உடைந்து அழுதாள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கையில் திருகோடு நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மூளையில் பெரிய அடைப்பு என்றார் அவர். அதற்கு முன்பே, இரண்டு மாதம் இருக்கும், சின்னதாக ஒன்று வந்து போயிருக்கிறது, படத்தில் தெரிகிறது என்றார். "ரெண்டு கண்ணுலயும் இடது பாதி தெரியாமப் போயிருக்கும். அப்பவே வந்திருந்தா பாத்திருக்கலாம். வீட்ல யாருகிட்டயாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள் அம்மா.

சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

சொல்லியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடது பக்கம் வந்த கார்கள்மீது வரிசையாக மூன்று முறை இடித்துவிட்டு, "என்னம்மா இது, இடது கண்ணாடியக் காணோம்?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போனிலேயே வழி சொல்வதுதான் அவளுடைய வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேர். அவர்கள் எதைக் காணோம் என்றாலும் அது செட்டிங்கில் இருக்கும். பத்து வருடப் பழக்கம்.

"திரை எவ்வளவு தள்ளி இருக்கு? பார்வைக் கோணம் எத்தனைன்னு போட்டிருக்கு? எழுபது ஆக்குங்க. இப்போ?"

"இல்லம்மா."

"சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க."

ஒவ்வொரு வாரமும் ஒரு எண்ணை மாற்றச் சொன்னாள். ஒரு வாரம் அவருக்குப் பொறுமையில்லை என்று கடிந்துகொண்டாள். கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. போன ஞாயிறு அவர் ஒருவர்மீதும் இடிக்காமல் ஓட்டி முடித்தார். "சரியாயிடுச்சும்மா, இப்ப நல்லாத் தெரியுது" என்றார். "பாத்தீங்களா, செட்டிங்தான்!" என்று அவள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியத்துக்குள் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பாவோடு பதினெட்டு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர், கால் வலியோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"இடது பக்கம் ஒரு கீறல் விட்டதில்ல உங்கப்பா. படியில ஒருத்தன் தொங்கினாலும் நான் விசில் ஊதுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்" என்றார். வலிக்கிற காலை நீவிவிட்டுக்கொண்டார். "போன மாசம் கடையில டீ வாங்கி அவருக்கு இடது பக்கம் வச்சேன். எடுக்கவே இல்ல. ஆறிப்போச்சு. ஏதோ யோசனைல இருக்காருன்னு நெனச்சு நானே குடிச்சுட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுகை அப்போதுதான் வந்தது.

மூன்று மணிக்கு அப்பாவை எடுத்துப்போனார்கள். ஆண்களும் பெண்களும் போய்த் திரும்பி, குளித்து, ஆளுக்கொரு மூலையில் ஒடுங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தான் கூடத்தைக் கழுவி, கடமை தவறாத மனிதராக, மேசையையும் கம்ப்யூட்டரையும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். ஸ்டியரிங் மட்டும் தரையில் கிடந்தது.

அம்மா மேசையோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுல பாதி வச்சுட்டு எந்திரிப்பாருடி. தினமும். ஒரு பக்கம் வழிச்சு சாப்பிட்டிருப்பாரு, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும். என் சமையலக் குத்திக்காட்டுறாருன்னு நெனச்சு ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அவருக்குத் தட்டே பாதிதான் தெரிஞ்சிருக்கு. கூடவே இருந்த எனக்குத் தெரியல பாரு. நான்தான் கொன்னுட்டேன்."

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அம்மா மீதி நாளெல்லாம் அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னால், இனிமேல் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பது தெரியாது. சின்னவள் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ இல்லம்மா. எங்கிட்ட சொன்னாரு."

அம்மா நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசமாச் சொன்னாரு. இடது கண்ணாடியக் காணோம்னு. நான் கம்ப்யூட்டர்ல கோளாறுன்னு நெனச்சு அத மாத்து, இத மாத்துன்னு சொல்லிட்டிருந்தேன். டாக்டர் கேட்டப்பக் கூடச் சொல்லாம நின்னேன்."

அடுப்படியில் பெரியவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. அம்மா அவளைத் திட்டவில்லை, தொடவும் இல்லை.

"உங்கிட்டயாவது சொன்னாரே" என்றாள் கடைசியில். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

பிறகு அம்மா சொன்னாள்: "அதப் போட்டுக் காட்டு. எது தெரியலன்னாரு, நான் பாக்கணும்."

சின்னவள் கம்பிகளைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். கடைசியாக ஓட்டிய பந்தயத்தை, ஓட்டியவர் பார்த்தபடியே திரும்பக் காட்டும் வசதி அதில் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திரையில் வந்தது. எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ரோடு நடுவில் இல்லை. திரையின் வலது ஓரத்தில் ஒரு கீற்றாக ஒதுங்கிக் கிடந்தது. ஸ்டியரிங்கும் கைகளும் பாதி வெட்டுப்பட்டிருந்தன. அவள் சொன்ன எண்கள் ஒன்றும் அங்கே இல்லை. அவர் தானாகவே பார்வையை இடது பக்கம் திருப்பி, இன்னும் திருப்பி, இடது கண்ணாடி நடுவைத் தாண்டி, தன் கண்ணுக்குத் தெரிகிற வலது பாதிக்கு வரும்வரை நகர்த்தியிருந்தார். அந்தக் கீற்று ரோட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சுற்றும் இடிக்காமல் ஓட்டியிருந்தார்.

கண்ணாடியில் ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. வளைவுகளில் சிறுத்து, நேர்ப்பாதைகளில் பெருத்து, விட்டுப் போகாமல் வந்துகொண்டிருந்தது.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"யாரு வண்டிடி அது, அவரு பின்னாடியே வருது?"

"என்னுதும்மா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒன்பது சுற்றுகள் பாக்கி இருந்தன.