என் பக்கத்துச் சுவர்

கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிரில் மிஷினின் முனை சுவரைப் பொத்துக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்த்தது. கூடவே சுண்ணாம்புத் தூள் கொட்டியது. "அக்கா, கை வச்சிடாதீங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஜெயகரன் கத்தினார். துளை போட நான்தான் சம்மதம் கொடுத்திருந்தேன். ஆனாலும் யாரோ கேட்காமல் வீட்டுக்குள் விரலை விட்டதுபோல இருந்தது.

ஸ்கெலட்டன் என்கிற எங்கள் பழைய சுரங்கக் குடியிருப்பில் லைன் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஜெயகரன் வீட்டு நடு அறையின் பின்சுவர்தான் என் கொல்லைச் சுவர். அவர் மனைவி ஐடா நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்பது வயசுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. உள்ளங்கை நீளத்துக்குப் பிளாஸ்டிக் பஸ்கள் வாங்கி, பேனா மாதிரி ஒரு கருவியால் அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பாள். ஊதுபத்திப் புகை போல மெல்லிசாக வரும் அந்தப் பெயிண்ட். பஸ் மேல் கொஞ்சம் படியும், மீதி அவள் மூக்கில் ஏறும். வகுப்பில் பாட்டுச் சொல்லும்போது அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அன்றைக்கே ஜெயகரன் சொல்லிவிட்டார், தான் ஒரு பெட்டி செய்து தருகிறவரைக்கும் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று.

அவர் பெட்டி செய்ததை நான் ஞாயிறு ஞாயிறாகப் பார்த்தேன். பெரிய பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகை அறுத்து, ஃபேன் பொருத்தி, ஃபேனுக்கு முன்னால் பஞ்சுத் தகடு வைத்தார். உள்ளே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. ஒட்டினார். பஸ்ஸை அதற்குள் வைத்துப் பெயிண்ட் அடித்தால் புகை மூக்குக்கு வராதாம். "தின்னர் பெயிண்ட் ஆவாது அக்கா, மோட்டார்ல பொறி பறந்தா குப்புனு பத்திக்கும். தண்ணி பெயிண்ட் மட்டும்தான்" என்று எனக்கும் பாடம் நடத்தினார். ஐடாவை நாற்காலியில் உட்கார வைத்து உயரம் பார்த்தார். பெட்டிக்குக் கீழே செங்கல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவள் கழுத்து குனியக்கூடாதாம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, அந்தச் செங்கல்.

நான் பெங்களூரில் கிரானைட் அறுக்கிற கொட்டகையில் கூலி. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வரும். என் வீட்டுக்காரர் முனியப்பனும் நானும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் மாரிகுப்பத்துக்குத் திரும்புகிறோம். தலையெல்லாம் தூளாகத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

"பொண்டாட்டி மூச்சுக்குன்னு அவரு பொட்டி கட்டறாரு, பாத்தியா?" என்று ரயிலில் ஒருநாள் கேட்டேன்.

"பொம்ம பஸ்ஸுக்கு இவ்ளோ கூத்து" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துளை போட்ட அன்றைக்கே சோதனை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஜெயகரனின் அப்பா சுரங்கத்தில் ஃபேன் பார்த்தவர். "கீழ லெவல்ல வேல செய்ற ஆளு மூஞ்சிக்கு நேராத்தான் நல்ல காத்த தள்ளுவாங்க. எங்கப்பா ரிட்டயர் ஆவற வரிக்கும் அதத்தான் பண்ணாரு" என்று ஜெயகரன் பெருமையாகச் சொன்னார். தெருப் பக்கம் சாக்கடை நாற்றம். அதனால் என் கொல்லையின் காற்றைத் துளை வழியாக இழுத்து ஐடாவின் பக்கம் தள்ளும்படி ஃபேனை மாட்டியிருந்தார். "உங்க காத்த மட்டும்தான் எடுக்கறோம், உங்க பக்கம் எதுவும் வராது" என்று சொல்லி என்னிடம் சம்மதம் வாங்கியதும் அதற்குத்தான்.

சுவிட்சைப் போட்டார். ஐடா பேனாவை அழுத்தினாள். சிவப்புப் பெயிண்ட் பஸ்ஸைத் தொடாமல் நேராகத் திரும்பி வந்து அவள் முகத்தில் அடித்தது. கண்ணாடி, நெற்றி, பல், எல்லாம் சிவப்பு.

"இன்னா ஜெயகரா, பொட்டி காறித் துப்புது!" என்றார் முனியப்பன். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன். பல நாளாக அடைத்துக் கிடந்தது அது.

ஜெயகரன் சிரிக்கவில்லை. துணியை நனைத்துக்கொண்டு ஓடி வந்தார். "கண்ண தொறக்காத, தொறக்காத" என்று சொல்லிச் சொல்லி அவள் இமைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவள் முகத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் சிரிப்பு நின்றுபோனது.

ஃபேனைத் திருப்பி மாட்டினால்தான் சரி. ஆனால் அப்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றெல்லாம் என் கொல்லைக்கு வரும். தெருப் பக்கம் விட்டால் ஜன்னல் வழியாக அவர்கள் வீட்டுக்கே திரும்பும். அதைச் சொல்ல ஐடாவே வந்தாள். காதோரம் இன்னும் சிவப்பு போகவில்லை.

"அக்கா, நாங்க உங்களாண்ட கேட்டது வேற, இப்ப ஆவறது வேற. பஞ்சுல பெயிண்ட் தங்கிடும்னு அவரு சொல்றாரு. ஆனா உங்களுக்கு மனசில்லன்னா சொல்லிடுங்க. ஓட்டைய அடச்சிடறோம். நான் பஸ்ஸ வுட்டுடறேன்."

வேண்டாம் என்ற சொல் என் வாயிலேயே இருந்தது. சொன்னால் பெட்டி பரணுக்குப் போகும். செங்கல்லும் போகும்.

"ஒரு வாட்டி போட்டுப் பாருங்க. என் துணியில ஒரு புள்ளி உழுந்தாலும் நானே சிமெண்ட் வச்சிப் பூசிடுவேன்" என்றேன்.

முனியப்பனின் வெள்ளை வேட்டியை எடுத்து வந்து துளைக்கு நேராக விரித்துப் பிடித்தேன். ஃபேனைத் திருப்பி மாட்டி ஓட விட்டார்கள், ஐடா பெயிண்ட் அடிக்கத் தொடங்கினாள். வேட்டி உப்பியது. ஒரு புள்ளி, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி வரட்டும் என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றோடு அவர்கள் பேச்சும் வந்தது.

"கண்ணு எரியுதா?"

"இல்ல. நல்லா கீது."

முனியப்பன் கொல்லை வாசலில் வந்து நின்றார். "இன்னா கிஷ்ணம்மா, என் வேட்டிய புடிச்சிகினு நிக்கற?"

"பெயிண்ட் வருதான்னு பாக்கறேன்."

"வருதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது இருமல் வந்தது. தினமும் இந்த நேரத்துக்கு வருகிற இருமல்தான், கிரானைட் தூளின் இருமல். வேட்டியைப் பிடித்தபடியே குனிந்து குனிந்து இருமினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் சட்டென்று நின்றது.

"அக்கா? உங்களுக்கா இருமல்? எங்க காத்து ஒத்துக்கலியா?" ஜெயகரன் துளையில் வாய் வைத்துக் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஓட்டையை அடைத்துவிடுவார்கள். வாசலில் முனியப்பனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி தொய்ந்து என் இரண்டு கைகளுக்கு நடுவே தொங்கியது. மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளை.